மெசெஞ்சருக்குப் பூட்டு போட்டால் மட்டும் போதுமா?

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டுக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் நன்றாக வேலை செய்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதே முகவரியை டைப் செய்தால் பக்கம் திறக்க மறுக்கிறது. கோளாறு கம்ப்யூட்டரிலா, இன்டர்நெட் இணைப்பிலா?" கோளாறு இரண்டிலும் இல்லை. உங்கள் நிறுவனம் அதைத் தடுத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் தடை சரியா, தவறா என்பது அடுத்து எழும் கேள்வி. நான் வாலாஜாபாத்தில் வசிக்கிறேன். ஒரகடம் பக்கம் உள்ள ஓர் உதிரிபாக நிறுவனத்தில் சாப்ட்வேர் இன்ஜினியராகப் பணிபுரிகிறேன். ஸ்டோர்ஸ், உற்பத்தி, டிஸ்பாட்ச் ஆகிய பிரிவுகளுக்கான புரோகிராம்களை எழுதுவது என் வேலை. தடை போடும் ஐ.டி. பிரிவுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பதால் இரண்டு தரப்பின் நியாயமும் என் காதில் விழுகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் நெட்வொர்க்கில் எதை அனுமதிப்பது என்று முடிவு செய்யும் உரிமை நிறுவனத்திற்கு உண்டு. ஆனால் மாற்று வழி எதையும் தராமல் மெசெஞ்சரை மட்டும் தடுத்தால், நிறுவனம் தன் பாதுகாப்பைத் தானே குறைத்துக் கொள்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

அன்றைய பூனை எலி விளையாட்டு

வாட்ஸ்அப் வருவதற்கு முன்பே இந்தச் சண்டை தொடங்கிவிட்டது. 1996-ல் ஐ.சி.க்யூ., 1998-ல் யாகூ, 1999-ல் எம்.எஸ்.என்., 2005-ல் கூகுள் டாக் என வரிசையாக மெசெஞ்சர் புரோகிராம்கள் வந்தன. பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரத்திற்குப் பணம் கட்டி யாகூ சாட்டில் உட்கார்ந்த தலைமுறையினருக்கு இவை நன்றாக நினைவிருக்கும்.

அந்த நாட்களில் தடுப்பது சுலபமாகத் தெரிந்தது. கம்ப்யூட்டருக்கும் இன்டர்நெட்டுக்கும் இடையே டேட்டா போய் வர எண்ணிட்ட வாசல்கள் உண்டு. இவற்றை போர்ட் என்கிறோம். யாகூ மெசெஞ்சர் 5050 என்ற போர்ட்டையும், எம்.எஸ்.என். 1863 என்ற போர்ட்டையும், ஐ.சி.க்யூ. 5190 என்ற போர்ட்டையும் பயன்படுத்தின. பயர்வாலில் இந்த எண்களை மூடினால் வேலை முடிந்தது என்று நிர்வாகிகள் நினைத்தார்கள்.

ஆனால் முடியவில்லை. வழக்கமான வாசல் மூடியிருந்தால், யாகூ மெசெஞ்சர் இணையப் பக்கங்கள் வந்து போகும் 80-ஆம் எண் வாசலைத் தட்டும். எம்.எஸ்.என். மெசெஞ்சரும் அதே வழியில் நுழையும். 80-ஐ மூடினால் இன்டர்நெட்டே கிடையாது. சரி, மெசெஞ்சரின் சர்வர் முகவரிகளையே தடுப்போம் என்று இறங்கினால், 2005-ல் மீபோ என்ற இணையதளம் வந்தது. எதையும் இன்ஸ்டால் செய்யாமல், பிரவுசரிலேயே யாகூ, எம்.எஸ்.என். நண்பர்களுடன் பேச அது வழி செய்தது. ஒரு பொந்தை அடைத்தால் அடுத்த பொந்து தயாராக இருந்தது.

அந்த மெசெஞ்சர்கள் எல்லாம் இன்று இல்லை. எம்.எஸ்.என். 2013-ல் பெரும்பாலான நாடுகளில் நின்றது. யாகூ மெசெஞ்சர் 2018 ஜூலையிலும், ஐ.சி.க்யூ. 2024 ஜூனிலும், ஸ்கைப் 2025 மே மாதத்திலும் மூடப்பட்டன. மெசெஞ்சர்கள் போனாலும் அவற்றைத் தடுக்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்று எப்படித் தடுக்கிறார்கள்?

இப்போது பெரும்பாலான இணையதளங்கள் பூட்டுச் சின்னத்துடன், அதாவது எச்.டி.டி.பி.எஸ். முறையில் இயங்குகின்றன. இதற்கான வாசல் 443. வாட்ஸ்அப் வெப்பும் இதே வாசல் வழியாகத்தான் வருகிறது. பேங்க் தளமும், ஜி.எஸ்.டி. தளமும் இதே வாசல்தான் என்பதால் இதை மூட முடியாது.

எனவே பயர்வால் வாசலைப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்க்கிறது. நீங்கள் ஒரு தளத்தின் முகவரியை டைப் செய்தவுடன், அதன் எண் முகவரி என்ன என்று உங்கள் கம்ப்யூட்டர் டி.என்.எஸ். சர்வரிடம் கேட்கும். அந்தக் கேள்விக்கே பதில் தராமல் விட்டுவிடுவது ஒரு முறை. இணைப்பு தொடங்கும் முதல் நொடியில் தளத்தின் பெயர் வெளிப்படையாகத் தெரிவதால், அதைப் பார்த்துத் துண்டிப்பது இன்னொரு முறை. அலுவலகக் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு புரோகிராமைப் போட்டு, குறிப்பிட்ட தளங்களையும் சாப்ட்வேர்களையும் திறக்க விடாமல் செய்வது மூன்றாவது முறை.

உங்கள் வீட்டு ரவுட்டரிலும் பேரன்டல் கன்ட்ரோல் என்று ஒரு பகுதி இருக்கலாம். குழந்தைகள் படிக்கும் நேரத்தில் சில தளங்களைத் தடுக்க அது உதவும். நிறுவனத்தின் பயர்வால் இதற்குப் பெரிய அண்ணன் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் பயம் வீண் பயமா?

இல்லை. இந்தத் தரப்பையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதல் பயம் வைரஸ். 2005 ஏப்ரலில் கெல்விர் என்ற வோர்ம் மெசெஞ்சர் வழியாகப் பரவியது. நண்பர் அனுப்பியது போல ஒரு லிங்க் வரும். கிளிக் செய்தால் உங்கள் பட்டியலில் உள்ள அனைவருக்கும் அதே லிங்க் போகும். இதைத் தடுக்க ராய்ட்டர்ஸ் நிறுவனம், பங்குச் சந்தையினர் பயன்படுத்திய தன் மெசெஞ்சர் சேவையையே தற்காலிகமாக நிறுத்த வேண்டியதாயிற்று. இது பழைய கதை என்று ஒதுக்க வேண்டாம். 2025 அக்டோபரில் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் பிரேசிலில் பரவிய சார்வெபோடெல் என்ற வோர்ம் பற்றி எச்சரித்தது. வாட்ஸ்அப்பில் தெரிந்தவரிடமிருந்து ஒரு ஜிப் பைல் வரும். கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள் என்று சொல்லும். திறந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்திருக்கிறதா என்று பார்த்து, எல்லாத் தொடர்புகளுக்கும் தன்னை அனுப்பிக் கொள்ளும். இருபது ஆண்டுகளில் மெசெஞ்சர்தான் மாறியது, தந்திரம் மாறவில்லை.

இரண்டாவது பயம் ஆள்மாறாட்டம். 2022 செப்டம்பரில் புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் நிறுவனம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழந்தது. நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி அடார் பூனாவாலாவின் பெயரில் உயர் அதிகாரி ஒருவருக்கு வாட்ஸ்அப் செய்தி வந்தது. சில பேங்க் கணக்குகளுக்கு உடனே பணம் அனுப்பச் சொன்னது. பணம் போன பிறகுதான் அவர் அப்படி எந்தச் செய்தியும் அனுப்பவில்லை என்று தெரிந்தது.

மூன்றாவது, தகவல் கசிவு. எங்கள் பகுதித் தொழிற்சாலைகளில் புதிய கார் பாகத்தின் டிராயிங் ஒன்று வெளியே போனால் ஆர்டரே போய்விடலாம். மெசெஞ்சரில் ஒரு டிராயிங்கை இழுத்துப் போட ஒரு நொடி போதும்.

நான்காவதாக, வேலை நேரம் வீணாகிறது என்பார்கள். இதை மட்டும் நான் ஏற்கவில்லை. வேலை செய்ய மனமில்லாதவருக்கு மெசெஞ்சர் தேவையில்லை, டீக்கடை போதும்.

தடை போட்ட மறுநாள்

2023-ல் எங்கள் அலுவலகத்தில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு திங்கட்கிழமை காலை வாட்ஸ்அப் வெப் தடுக்கப்பட்டது. முதலில் சிக்கிக் கொண்டது அரட்டை அடிப்பவர்கள் அல்ல, டிஸ்பாட்ச் பிரிவு. லாரியில் ஏற்றிய சரக்கின் போட்டோ, இன்வாய்ஸ், வண்டி எண் ஆகியவற்றை வாடிக்கையாளர் நிறுவனத்தின் ஸ்டோர்ஸுக்கு வாட்ஸ்அப் குரூப்பில்தான் அனுப்பி வந்தார்கள். "தம்பி, போட்டோ போக மாட்டேங்குது, வண்டி கேட்ல நிக்குது" என்று டிஸ்பாட்ச் அண்ணன் என்னிடம் ஓடி வந்தார். கார் தொழிற்சாலைகளில் உதிரிபாகங்களைக் குவித்து வைப்பதில்லை. லைன் ஓட ஓடச் சரக்கு போய்ச் சேர வேண்டும். அரை மணி நேரத் தாமதம்கூட அங்கே பெரிய விஷயம்.

அண்ணன் என்ன செய்தார்? தன் செல்போனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்தார். அலுவலகக் கம்ப்யூட்டரை அதில் இணைத்தார். வாட்ஸ்அப் வெப் திறந்தது, போட்டோ போனது. வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் மாடியில் வைபை பட்டியலைத் திறந்தால் ஏழெட்டு செல்போன்களின் பெயர்கள் தெரிந்தன.

புதிதாகக் கம்ப்யூட்டர் பயன்படுத்துபவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். ஹாட்ஸ்பாட் வழியாகப் போகும் டேட்டா நிறுவனத்தின் பயர்வாலைத் தாண்டுவதே இல்லை. வரும் பைலை நெட்வொர்க்கில் யாரும் சோதிப்பதில்லை. அதே கம்ப்யூட்டர் கேபிள் வழியாக உள் நெட்வொர்க்கிலும் இணைந்திருந்தால், வெளியிலிருந்து வரும் வைரஸ் நேராக நிறுவனத்தின் சர்வர் வரை போகலாம். முன்வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டு, கொல்லைப்புறத்தில் சுவரை இடித்தது போல ஆயிற்று. தடைக்கு முன்பு எங்கள் நெட்வொர்க்கில் இந்த ஆபத்து இருக்கவில்லை.

பேச்சு மறைந்தால் பதிவும் மறையும்

இது எங்கள் சிறிய நிறுவனத்தின் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவின் பெரிய பேங்க்கான ஜே.பி. மார்கன் குழுமத்தின் பங்கு வர்த்தகப் பிரிவுகள் மீது 2021 டிசம்பரில் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் மொத்தம் 20 கோடி டாலர் அபராதம் விதித்தன. ஊழியர்கள் வியாபார விஷயங்களைத் தங்கள் சொந்த போனில், வாட்ஸ்அப்பிலும் எஸ்.எம்.எஸ்.ஸிலும் பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சுகளை நிறுவனம் பதிவு செய்து வைக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு. இப்படிப் பேசக் கூடாது என்று நிறுவனத்தில் விதி இருந்தது. விதியை அமல்படுத்த வேண்டிய மேலாளர்களே அதை மீறியதுதான் வேடிக்கை.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. சில நிறுவனங்களின் லாபக் கணக்கு, அதிகாரபூர்வமாக வெளியாகும் முன்பே வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றியது 2017-ல் தெரிய வந்தது. செபி விசாரித்தது. ஏராளமான போன்களும் கம்ப்யூட்டர்களும் கைப்பற்றப்பட்டன. ஆனால் செய்தி யாரிடமிருந்து முதலில் கிளம்பியது என்று நிரூபிக்க முடியவில்லை. செபி விதித்த அபராதத்தை 2021-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. 2022-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இரண்டு உதாரணங்களும் சொல்வது ஒன்றுதான். தடையால் பேச்சு நிற்பதில்லை, நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியாத இடத்திற்குப் போகிறது. நாளை ஒரு தகராறு வந்தால் யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு நிறுவனத்திடமும் ஆதாரம் இருக்காது, ஊழியரிடமும் இருக்காது.

லைனில் நிற்பவர்களின் கதை

இதுவரை சொன்னது மேஜையில் உட்கார்ந்து வேலை செய்பவர்களைப் பற்றி. இந்தப் பகுதியில் கம்ப்யூட்டரே இல்லாமல் லைனில் நின்று வேலை செய்பவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பல தொழிற்சாலைகளில் அவர்கள் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இயந்திரம் ஓடும் இடத்தில் போன் பார்ப்பது ஆபத்து, படம் எடுப்பதும் கூடாது. இந்த விதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் எட்டு மணி நேரம் வீட்டோடு தொடர்பு இல்லாமல் இருப்பது, காய்ச்சலில் இருக்கும் குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வரும் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும்?

நம்பகமான செய்தி கிடைக்காத இடத்தில் வதந்தி என்ன செய்யும் என்பதை ஸ்ரீபெரும்புதூர் 2021 டிசம்பரில் பார்த்தது. ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு ஒத்துக் கொள்ளாமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் சிலர் இறந்துவிட்டதாக ஒரு வதந்தி பரவியது. அது பொய் என்று பிறகு தெரிந்தது. அதற்குள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் பெண்கள் மறியலில் உட்கார்ந்துவிட்டார்கள். தொழிற்சாலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறந்தது. உணவும் தங்குமிடமும் மோசம் என்ற அவர்களின் புகார் உண்மையானது. ஆப்பிள் நிறுவனமே குறைகளை ஒப்புக் கொண்டு, தொழிற்சாலையைக் கண்காணிப்பில் வைத்தது. வதந்தி அந்தக் கோபத்தின் மேல் எண்ணெய் ஊற்றியது.

இப்படிப்பட்ட நேரத்தில் மெசெஞ்சரைத் தடுத்தால் வதந்தி நின்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். நிற்காது. விடுதி அறையிலும், கம்பெனி பஸ்ஸிலும் அது வாய்வழியாகவே பரவும். உடன் வேலை செய்பவர் நலமாக இருக்கிறாரா என்ற கேள்விக்குச் சரியான பதிலை உடனே சொல்ல ஒரு வழி இருப்பதுதான் வதந்திக்கு மருந்து.

நிறுவனங்கள் என்ன செய்யலாம்?

முதலில் மாற்று வழி, பிறகு தடை. நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் உள்ள ஒரு மெசெஞ்சரை முதலில் கொடுக்க வேண்டும். மைக்ரோசாப்ட் டீம்ஸ், கூகுள் சாட், நம் ஊர் ஸோகோவின் கிளிக் எனப் பல உள்ளன. பணம் செலவழிக்க விரும்பாத சிறிய நிறுவனங்கள், இலவசமாகக் கிடைக்கும் ராக்கெட் சாட் போன்றவற்றைத் தங்கள் சொந்த சர்வரிலேயே நிறுவலாம். எங்கள் நிறுவனத்தில் மூன்று மாதம் கழித்து இதைத்தான் செய்தார்கள். உள் விஷயங்கள் அதற்கு மாறிய பிறகு ஹாட்ஸ்பாட்டுகள் தாமாகவே குறைந்தன.

வெளியாருடன் வாட்ஸ்அப்பில்தான் பேச வேண்டும் என்ற நிலை டிஸ்பாட்ச், கொள்முதல் போன்ற பிரிவுகளுக்கு இருக்கும். அங்கே மட்டும் ஒரு கம்ப்யூட்டரில், நிறுவனத்தின் சொந்த எண்ணில் அனுமதி தரலாம். அந்தக் கம்ப்யூட்டரை டிராயிங்குகள் உள்ள சர்வருடன் இணைக்காமல் தனியாக வைக்கலாம்.

தடையை அறிவித்துவிட்டுப் போட வேண்டும். என்ன தடுக்கப்படுகிறது, ஏன், எது கண்காணிக்கப்படுகிறது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது பெரிய செலவு அல்ல.

மெசேஜைப் பார்த்துப் பணம் அனுப்பக் கூடாது. எந்த மெசெஞ்சரில் வந்தாலும், எவ்வளவு பெரிய அதிகாரியின் பெயரில் வந்தாலும், போனில் கூப்பிட்டு உறுதி செய்த பிறகே அனுப்ப வேண்டும். இந்த ஒரு விதி எந்தப் பயர்வாலையும்விட வலிமையானது.

போனை லாக்கரில் வாங்கி வைக்கும் நிறுவனம், ஷிப்ட் அலுவலகத்தில் ஒரு லேண்ட்லைன் வைத்து அந்த எண்ணை ஒவ்வொரு தொழிலாளியின் வீட்டிற்கும் கொடுக்க வேண்டும். இரவு ஷிப்டிலும் அதை எடுக்க ஆள் இருக்க வேண்டும். எடுப்பவர் ஐந்து நிமிடத்தில் லைனுக்குப் போய்ச் செய்தியைச் சொல்ல வேண்டும். சாப்ட்வேர் எழுதும் நான் லேண்ட்லைனுக்குச் சிபாரிசு செய்வது உங்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். எந்தக் கருவி புதியது என்பதைவிட, கூப்பிட்டால் பதில் வருகிறதா என்பதுதான் முக்கியம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஆபீஸ் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டு வந்தாலும் அது ஆபீஸ் லேப்டாப்தான். திரையில் தெரிவதைப் பதிவு செய்யும் புரோகிராம் அதில் இருக்கலாம். குடும்ப விஷயங்கள், சொந்த பேங்க் கணக்கு ஆகியவற்றுக்கு உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரையே பயன்படுத்துங்கள்.

ஆபீஸில் எப்போதாவது வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், இன்றே உங்கள் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து லிங்க்டு டிவைசஸ் என்ற பகுதியைப் பாருங்கள். எந்தெந்தக் கம்ப்யூட்டர்களில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியல் வரும். தேவையில்லாததைத் தொட்டு லாக் அவுட் செய்யுங்கள்.

தடையைத் தாண்ட இலவச வி.பி.என்., பிராக்ஸி தளங்களைத் தேடிப் போகாதீர்கள். யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஒரு சர்வரிடம் உங்கள் டேட்டாவை ஒப்படைக்கிறீர்கள். வேலைக்கு மெசெஞ்சர் தேவை என்றால், என்ன வேலை, யாருடன், எந்த நேரம் என்று எழுதி மேலாளரிடம் கேளுங்கள். எழுதிக் கேட்ட கோரிக்கையைத் தட்டிக் கழிப்பது கடினம்.

தெரிந்தவரே அனுப்பினாலும், எதிர்பாராமல் வரும் ஜிப் பைலையும் ஏ.பி.கே. பைலையும் திறக்காதீர்கள். அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேட்க ஒரு நிமிடம் போதும்.

மெசெஞ்சர் புரோகிராம்கள் வரும், போகும். யாகூ போனது, ஸ்கைப் போனது, வாட்ஸ்அப்பும் ஒரு நாள் போகலாம். தொழிற்சாலைக்கு உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவருடன் பேச வேண்டிய தேவை மட்டும் போகாது. அந்தத் தேவைக்கு நிறுவனமே நல்ல வழி ஒன்றைத் திறந்துவிட்டு, அதன் பிறகு மற்ற வழிகளை மூடட்டும். அப்படிச் செய்தால் பூட்டை உடைக்க யாரும் முயல மாட்டார்கள்.